பூங்குழலியைப் பால்மரக் காட்டில் வரைந்தது தவறா?

தாழைமடல் (பீடோங், கெடா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 41. பகலில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு கைக்கணினியில் படம் வரைகிறேன். வரைவதெல்லாம் கதைமாந்தர்களைத்தான். அவர்களிலும் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலியை மட்டும் இதுவரை முப்பது முறைக்கு மேல் வரைந்திருப்பேன். இந்த வயதில் இது என்ன பைத்தியம் என்று வீட்டில் கேட்பதுண்டு. அதற்கு விடை தேடி நான் இங்கு வரவில்லை, பிடித்திருக்கிறது, வரைகிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. அந்நாவலின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில், கோடிக்கரைச் சதுப்பு நிலத்து இருட்டில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளை வந்தியத்தேவனுக்குக் காட்டி, அவைதாம் தன் காதலர்கள் என்று பூங்குழலி சொல்லும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் படிக்கும்போது எனக்குக் கோடிக்கரை தெரிவதே இல்லை. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றுகொண்டு, விடியற்காலை ஐந்து மணி இருட்டில், பால் வெட்டப் போகும் பெண்களின் நெற்றி விளக்குகள் கித்தா (ரப்பர்) மரங்களுக்கு இடையே தோன்றுவதும் மறைவதுமாக நகர்வதைப் பார்த்த ஆறு வயதுதான் நினைவுக்கு வரும். அவற்றுள் ஒன்று அம்மாவுடைய விளக்கு. எது என்று கண்டுபிடிப்பது அன்றாட விளையாட்டு. அந்த மரங்கள் இப்போது இல்லை. எல்லாம் செம்பனையாகிவிட்டது.

ஆகவே பூங்குழலியைப் பால்மரக் காட்டில் நிறுத்தி ஒரு படம் வரைந்தேன். கைலி, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, நெற்றி விளக்கு, கையில் உளி. கோடிக்கரையை மறவாமலிருக்கத் தலைத்துண்டில் ஒரு தாழை மடல். தொலைவில் ஜெராய் மலை. மரங்களுக்கிடையே சின்னச் சின்ன வெளிச்சங்கள். படத்தை இங்கே இணைத்திருக்கிறேன்.

அதை ஒரு ரசிகர் குழுவில் பகிர்ந்தேன். முதல் நாள் பாராட்டினார்கள். மறுநாள், சமுத்திர குமாரியைக் கூலிக்காரி ஆக்கிவிட்டாய் என்று ஒருவர் தொடங்கினார். கெடாவில் இருந்துகொண்டு சோழர் கதையை வரைவதானால், 1025-இல் கடாரம் (இந்தக் கெடாதான்) கொண்ட இராசேந்திரனை அல்லவா வரைய வேண்டும் என்றார் இன்னொருவர். (அவர் கொண்ட ஊரில்தான் நாங்கள் பேர் போட்டுச் சம்பளம் வாங்கினோம் என்று எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.) மூன்றாமவர் என் படத்தை ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, பூங்குழலியின் நிறத்தை வெளுத்து, கழுத்து நிறைய நகை பூட்டி, ‘மூலத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது’ என்ற குறிப்புடன் வெளியிட்டார். அதற்கு என் படத்தைவிட அதிக விருப்பக் குறி விழுந்தது. இதற்கிடையில், சுங்கை பட்டாணியில் தீபாவளிச் சந்தைக் கடையொன்றில் என் படம் சாவி வளையமாகத் தொங்குவதைத் தோழி ஒருத்தி கைப்பேசியில் பிடித்து அனுப்பினாள். ஒன்று எட்டு வெள்ளி (ரிங்கிட்). கீழ் மூலையில் இருந்த என் கையொப்பத்தை மட்டும் காணவில்லை.

ஒரு கதைமாந்தரை எவ்வளவு தூரம் நம் ஊருக்கு அழைத்து வரலாம்? அழைத்து வந்த பிறகு அவள் யாருடையவள்?

வாசகன் 75 (ஈப்போ):

சகோதரி, உங்கள் கைத்திறனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்களோடு உடன்பட முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பூங்குழலி கடலின் பெண். படகையும் துடுப்பையும் அலையையும் கழித்துவிட்டால் எஞ்சுவது அழகிய இளம்பெண் ஒருத்தி. அவள் தலையில் தாழை மடலைச் செருகிவிடுவதால் மட்டும் அவள் பூங்குழலி ஆகிவிட மாட்டாள். இதே படத்துக்குப் ‘பால் வெட்டும் பெண்’ என்று பெயரிட்டிருந்தால் முதலில் கைதட்டுபவன் நானாக இருந்திருப்பேன். நம் தோட்டத்துப் பெண்களுக்கு ஓர் இலக்கியப் பெயரைக் கடன் வாங்கித்தான் மதிப்புத் தேட வேண்டுமா என்பதே என் வருத்தம். உங்கள் அம்மாவை உங்கள் அம்மாவாகவே வரைந்திருக்கலாமே.

நாவலை ஏழெட்டு முறை படித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தத் ‘திருத்திய’ படத்தை நியாயப்படுத்த எந்த உரிமையும் யாருக்கும் கிடையாது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் படகு வலிப்பவளுக்கு நகைக்கடை விளம்பரத்து நிறம் எங்கிருந்து வந்தது?

அல்லியின் பேரன் (கோல கெட்டில்):

மூலம், மூலம் என்கிறார்களே, எந்த மூலத்தைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கட்டும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த எழுத்தையா? அந்த எழுத்துக்கு மணியம் வரைந்த கோடுகளையா? அதே இதழில் மீண்டும் தொடராக வந்தபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தவற்றையா? 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வந்த திரைப்படத்தையா? பல பேருடைய மனத்தில் இருப்பது கல்கியின் பூங்குழலி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் மணியத்தின் பூங்குழலிதான். முதல் வாரத்திலேயே எழுத்தோடு ஓவியமும் சேர்ந்து பிறந்துவிட்ட கதையில், ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கண்ணால் அவளைப் பார்த்திருக்கிறார்கள். பீடோங்கில் ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்கு என்ன காரணம்?

கல்கி செய்ததையும் நினைத்துப் பாருங்கள். வல்லவரையர் வந்தியதேவர் என்ற பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையாரின் கணவர் என்ற அளவில் வருகிறது. அந்த ஒரு வரியைக் குதிரையில் ஏற்றி, ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஓட விட்டவர் அவர். பூங்குழலிக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. முழுக்க அவருடைய கற்பனை.

என் புனைபெயருக்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டு தவறாமல் அல்லி வேடம் கட்டியவர். வியாச பாரதத்தைப் புரட்டிப் பாருங்கள், மதுரையை ஆண்ட அல்லி அரசாணி என்று ஒருத்தி அதில் இல்லவே இல்லை. அருச்சுனனைப் பிடித்துப்போன தமிழ்ச் சனம், அவனைப் பாண்டி நாட்டுக்கு இழுத்து வந்து, அவனுக்கு அடங்காத ஓர் அரசியைத் தானே உண்டாக்கி, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை என்று பாடித் தீர்த்தது. அது கப்பலேறி இந்த நாட்டுக்கும் வந்தது. தாத்தாவின் கூத்தில் அல்லி அரியணையை விட்டு இறங்கி வந்து, தன் காவற் பெண்களைப் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவாளாம். தாமதமாக வந்தவளுக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. கூட்டம் சிரித்துப் புரளுமாம். முன்வரிசை நாற்காலியில் இருந்த தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, மட்டும் சிரிக்க மாட்டாராம். இதைப் பார்த்து, பாரதத்தைக் கெடுத்துவிட்டான் என்று யாரும் தாத்தாவின் மேல் கல்லெறியவில்லை.

வாசகன் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. படகு போய்விட்டது என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆண்கள் கால் வைத்துச் சேற்றுப் பள்ளத்தில் புதையும் இடத்தில், வழி தெரிந்து தனியாக நடப்பவள் அவள். புதைந்த வந்தியத்தேவனைக் கரையேற்றுபவளும் அவளே. அந்த இருட்டும் தனிமையும் வழி அறிந்த கால்களும் பால்மரக் காட்டில் இருக்கின்றன. ஆனால் தாழைமடல், உங்கள் படத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அவள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காதலர் என்கிறவள் படம் பார்க்க வந்த நம்மை எதற்காகப் பார்க்கப் போகிறாள்? அவள் பார்வை அந்த வெளிச்சங்களின் மேல் அல்லவா இருக்க வேண்டும்? கூலிக்காரி ஆக்கிவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிடுங்கள். இதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய மண்டோர் (பாடாங் செராய்):

கதையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் பேத்தி இந்தப் படத்தைக் காட்டினாள், அவளையே தட்டச்சு செய்யச் சொல்லி எழுதுகிறேன். மண்டோராக (தொழிலாளர்களை மேற்பார்ப்பவனாக) இருபத்தாறு ஆண்டுகள் மரங்களுக்கிடையே நடந்தவன் என்ற முறையில் சொல்ல ஒன்று இருக்கிறது.

அம்மா, நீங்கள் மரத்தை மாற்றி வெட்டியிருக்கிறீர்கள்.

மரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். உங்கள் படத்தில் வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் இறங்குகிறது. இது ஏதோ வெள்ளைக்கார துரை போட்ட சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக மேலே ஏறுவதில்லை. ஏறும்போதே கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் நன்றாக வரும். நீங்கள் வெட்டியதுபோல் வெட்டினால் அதே மரத்தில், அதே நீளக் கோட்டில், பால் குறையும். உங்கள் பூங்குழலி என் நிரையில் இருந்திருந்தால் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. வெட்டு மிக ஆழமாகத் தெரிகிறது. வெள்ளைக் கட்டை தெரிவதுபோல் வரைந்திருக்கிறீர்கள். கட்டையில் உளி பட்டால் அதற்குக் காயம் என்று பெயர். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது. நல்ல வெட்டுக்காரி காகிதம் சீவுவதுபோல் சீவுவாள். சீவல் அறுபடாமல் சுருண்டு விழும். என் நிரையில் ஓர் அம்மா இருந்தார். ஒரு மாதத்தில் அவருடைய முந்நூறு சொச்சம் மரங்களில் ஒரு காயம் பார்த்தாலே அதிசயம். அவர் மரத்தைத் தொடுவதற்கு முன்பு முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் நாடாவாக உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். அந்த இழுப்பு இருக்கிறதே, அதை யாராவது வரைந்தால் நான் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன்.

மற்றபடி, அந்தப் பெண் எந்தக் கதையில் வந்தவளாக இருந்தாலும் எங்கள் காட்டுக்கு வரட்டும். வந்தால் ஒழுங்காக வெட்டட்டும்.

மைக்கூடு (கோலாலம்பூர்):

மண்டோர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. அக்கா, வரைந்து முடித்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தீர்கள், திருப்பிய முகம் நன்றாகத் தெரிந்ததால் அப்படியே விட்டுவிட்டீர்கள், பிறகு கையொப்பம் போட்டீர்கள். சரிதானே? முகக் கோணல் கண்ணுக்குப் பழகிப்போகாமல் இருக்க நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. உளி இடக்கையில் ஓங்கியிருப்பதும் சட்டைப் பொத்தான்கள் பக்கம் மாறியிருப்பதும் அதனால்தான். குழுவில் அத்தனை பேர் மூலம் பற்றிச் சண்டையிட்டார்கள். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை பாருங்கள்.

இனி, யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் நிற்கும்; தமிழ்நாட்டில் 1999-இலேயே அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே எழுத்திலிருந்து பூங்குழலியை எடுத்து வரைய நீங்கள் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மணியத்தின் படத்தை அச்சாகப் பார்த்து வரைவது வேறு: அவர் 1968-இல் மறைந்தவர், இந்தியாவில் அந்தக் கணக்கு 60 ஆண்டு. திரைப்படத்தின் உடையையும் நடிகையின் முகத்தையும் எடுத்து விற்பனைக்கு வைப்பது முற்றிலும் வேறு. உங்கள் படத்தில் இந்த இரண்டும் இல்லை என்பதால் உங்கள் கால் உறுதியான தரையில் இருக்கிறது.

நீங்கள் வரைந்த படத்தின் உரிமை, வரைந்து முடித்த நொடியிலிருந்து உங்களுடையது. எங்கும் பதிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தன்விருப்பமாக அறிவித்து வைக்கலாம். பின்னால் வாதம் வந்தால் கைகொடுக்கும். அதைவிட உடனடியாகப் பயன்படுவது உங்கள் கணினியில் இருக்கும் அடுக்கு அடுக்கான மூலக் கோப்பு. சாவி வளையம் விற்றவரிடம் அந்த அடுக்குகள் இருக்காது. முதலில் அவருக்குத் தனியாக, மரியாதையாக, கோப்பின் படத்தோடு எழுதுங்கள். பெரும்பாலும் அவரும் இணையத்தில் கிடைத்ததை யாரோ ஒருவரிடம் வாங்கி அச்சிட்டவராக இருப்பார். அதற்குப் பிறகும் விற்றால் பொதுவில் எழுதுங்கள்.

இதில் நான் பெரிய யோக்கியன்போல் பேச முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா என்ற சித்திரக்கதை ரசிகர் விழாவில் மேசை எடுத்து, ஜப்பானியக் கதைமாந்தர்களை வரைந்து, சாவி வளையமும் ஒட்டுப் படமும் விற்றவன் நான். அந்தக் கதைமாந்தர்களுக்கெல்லாம் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால் பிழைத்தோம். எங்களுக்கு உரிமை இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த மேசைகளுக்கிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கதைமாந்தரை யாரும் எடுக்கலாம், அடுத்த மேசைக்காரர் போட்ட கோட்டை எடுக்கக் கூடாது. கையொப்பத்தை அழித்தவருக்கு மறுபடி எங்கள் பக்கத்தில் மேசை போட மனம் வராதபடி செய்துவிடுவார்கள். செயலியில் போட்டுத் ‘திருத்தியவர்’ செய்ததும் அதே குற்றம்தான். அவருக்குப் பூங்குழலி வேறு மாதிரித் தெரிந்தால் தாராளமாக அவரே ஒன்று வரையட்டும்.

வாசகன் ஐயாவின் கேள்வி, அம்மாவை அம்மாவாகவே வரையலாமே என்பது, எனக்கு உறைத்தது. ஆனால் என் அனுபவம் வேறு. சிலரை நேராக வரைய உட்கார்ந்தால் கை எழாது. கதைமாந்தரின் முகத்தை நடுவில் வைத்தால் எழும்.

தாழைமடல் மீண்டும்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு வாரமாக எழுத முடியவில்லை. ஆலையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம்.

மைக்கூடு தம்பி, நீங்கள் கண்டது அப்படியே உண்மை. திருப்பிப் பார்த்தேன், மூக்கு நேராகத் தெரிந்தது, விட்டுவிட்டேன். மண்டோர் ஐயா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அம்மா சிரித்துவிட்டார். படத்தை நான் முதலில் காட்டிய அன்றே வெட்டு மாறியிருப்பதைப் பார்த்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கதை மரம்தானே, யார் வந்து காயம் எண்ணப் போறா?” என்றார். பிறகு அவரே எழுந்துபோய், சமையலறைக் கத்தியை எடுத்து வந்து, கதவு நிலையில் சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று காற்றில் சீவிக் காட்டினார். மணிக்கட்டு அசையவில்லை, இடுப்பிலிருந்து உடம்பே நகர்ந்தது. நான் முப்பது முறை வரைந்தும் இது எனக்குத் தெரியாது.

வாசகன் ஐயாவுக்கு: அம்மாவை அம்மாவாக வரைய இருமுறை முயன்றிருக்கிறேன். இரண்டிலும் படத்துக்காக உட்கார்ந்த அம்மாதான் வந்தார், இருட்டில் விளக்கோடு போன அம்மா வரவில்லை. பூங்குழலியை நீங்கள் கடலில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம்தான்; என்னுடையவள் பீடோங்கில் இருக்கிறாள்.

கடைக்காரருக்கு எழுதினேன். மீதமிருந்த வளையங்களை எடுத்துவிட்டதாகவும், ஒரு கட்டாக வாங்கிய படங்களில் அதுவும் ஒன்று என்றும் பதில் வந்தது. குழுவில் அந்தத் ‘திருத்திய’ படம் இன்னும் இருக்கிறது. நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

புதிய படத்தை இணைத்திருக்கிறேன். அவள் இப்போது நம்மைப் பார்க்கவில்லை. வெட்டுக்கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறது, கட்டை தெரியவில்லை. ஒட்டுப்பாலை இழுக்கும் கையை வரைய இன்னும் எனக்குப் பழக்கம் போதாது, அது அடுத்த படம். இரவில் சேற்றுப் பள்ளத்து அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்தப் பெண்ணுக்கு விளக்குகூட இல்லாமல் எப்படி வழி தெரிகிறது என்று கேட்டார், அடுத்த அத்தியாயத்தையும் படிக்கச் சொன்னார். படத்தில் பால் ஏந்தும் மங்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். அதை நிமிர்த்திவிட்டுக் கையொப்பம் போடுகிறேன்.